வடசென்னையின் இசைக்கூடங்களும் சபைக்கூச்சமும்

சபைக்கூச்சம் என்பது கலைஞர் ஒருவர் பலர் முன்னிலையில் பாடவோ வாசிக்கவோ தொடங்கும்போது ஏற்படும் அச்சம். இதயம் வேகமாகத் துடிக்கும், வாய் உலரும், விரல்கள் குளிர்ந்து நடுங்கும். நன்றாகப் பாடமான உருப்படியின் அடுத்த அடி நினைவில் இருந்து நழுவும். அதனுடன் சேர்ந்து வருவது தன்னைத்தானே ஓயாமல் குறைசொல்லும் மனப்பழக்கம். மேடையில் ஏறும் முன்பும், பாடும்போதும், இறங்கிய பின்பும் அது தொடரும். இவ்விரண்டும் தனிமனிதரின் பலவீனம், திறமைக்குறைவின் அடையாளம் என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றன. அப்படிக் கருதி இசையை விட்டவர்கள் பலர்.

திருவொற்றியூர், மணலி, ராயபுரம், முத்தியால்பேட்டை, எண்ணூர் என நீளும் வடசென்னைப் பகுதியின் இசை வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. இங்கே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இசை கோயில் சன்னிதியிலும், வணிகர் வீட்டுக் கூடத்திலும், சபா அரங்கிலும், வானொலி நிலையத்திலும், சாவு வீட்டு வாசலிலும் ஒலித்திருக்கிறது. கேட்பவர் யார், எத்தனை பேர், எதற்காக வந்திருக்கிறார்கள் என்பவை மாறும்போது பாடுபவரின் அச்சமும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை இக்கட்டுரை விவரிக்கிறது.

பழந்தமிழ்ப் பின்புலம்

அவை முன் நிற்கும் அச்சத்தைத் தமிழ் மரபு தொன்றுதொட்டே அறிந்திருந்தது. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று அடுத்தடுத்து இரு அதிகாரங்கள் உள்ளன. போர்க்களத்தில் சாகத் துணிபவர் பலர், அவையில் அஞ்சாது பேசுபவர் சிலரே என்பது அவையஞ்சாமை அதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. அவை அச்சம் கோழைகளுக்கு மட்டும் உரியதன்று, வீரருக்கும் உண்டு என்பதை வள்ளுவர் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார். அவையை அறிதல் முதலில் வைக்கப்பட்டு அஞ்சாமை அடுத்து வருவதும் கவனிக்கத்தக்கது. கேட்பவரைத் தெரிந்துகொண்டால் அச்சம் குறையும் என்ற பொருளை அந்த வரிசை தருகிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் முதல் மேடையை விரிவாகச் சொல்கிறது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அவள் அரங்கேறுகிறாள். ஆடல் ஆசான், இசை ஆசான், புலவன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் ஆகியோரின் தகுதிகள் ஒவ்வொன்றாகக் கூறப்படுகின்றன. அரங்கம் ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் கொண்டது. மூவகைத் திரைகள் தொங்குகின்றன. தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்குகள் வைக்கப்படுகின்றன. ஆடி முடித்ததும் சோழ மன்னனிடம் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அரசவை முன் நிற்பதற்கு எத்தனை பேர் துணை நின்றார்கள் என்பதற்கான பட்டியலாகவும் இக்காதையைப் படிக்கலாம். முதல் மேடையின் சுமை அவள் ஒருத்தியின் தோளில் வைக்கப்படவில்லை.

திருவொற்றியூர்: குற்றத்தைப் பாடிய இடம்

திருவொற்றியூர் தியாகராஜசுவாமி கோயில் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவராலும் பாடப்பட்டது. இவர்களில் சுந்தரரின் கதை இவ்வூரோடு நெருங்கிப் பிணைந்துள்ளது. பெரியபுராணத்தின்படி, சுந்தரர் இங்கு சங்கிலி நாச்சியாரை மணந்தபோது ஊரை விட்டு நீங்குவதில்லை என்று மகிழ மரத்தடியில் சபதம் செய்தார். பின்னர் திருவாரூர் நினைவு மேலிட, சபதத்தை மீறி எல்லையைத் தாண்டியதும் கண்பார்வை இழந்தார். அப்போது இவ்வூர் இறைவனை நோக்கிப் பாடினார். தொடர்ந்து தலந்தோறும் பாடிச்சென்று காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மற்றொரு கண்ணையும் பெற்றார் என்பது மரபு. இச்சபதத்தை நினைவூட்டும் மகிழடி சேவை மாசிப் பெருவிழாவில் இன்றும் நடக்கிறது.

இக்கதையில் சுந்தரர் தம் பிழையை மறைக்கவில்லை. பிழை செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறார், வருந்துகிறார், சண்டையும் போடுகிறார். ஆனால் அவை அனைத்தும் இன்னொருவரை நோக்கிச் சொல்லப்படுகின்றன. கேட்பவர் கோபிக்கலாம், மனமிரங்கலாம், பதில் சொல்லலாம். தனக்குள்ளேயே சுழலும் சுயநிந்தனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இதே போக்கைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் திருவையாற்றுத் தியாகராஜரிடமும் (1767-1847) காணலாம். அவருடைய கனராக பஞ்சரத்தினங்களுள் கௌளை ராகத்தில் அமைந்த 'துடுகுகல' முழுவதும் தன்குற்றப் பட்டியல். ஸ்வரமும் லயமும் அறியாமலேயே தன்னை உயர்ந்த பக்தருக்குச் சமமானவன் என்று சொல்லித் திரிந்த குற்றமும் அப்பட்டியலில் இடம்பெறுகிறது. ஸ்வர லயக் கட்டுமானத்தில் மிகத் தேர்ந்த ஒரு கீர்த்தனையில் அந்த வாக்குமூலம் வருகிறது. குறையுணர்வு இருந்தபோதும் பாட்டு நிற்கவில்லை. குறையுணர்வே பாட்டின் பொருளாயிற்று.

மணலியும் முத்தியால்பேட்டையும்: வீட்டுக்கூட இசை

பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் தொழில் செய்த துபாஷிகளும் வணிகர்களும் வடசென்னையின் இசைப் புரவலர் ஆயினர். இவர்களில் முதன்மையானவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையை ஆதரித்தவர் இவர். ராமசாமி தீட்சிதர் இவருடைய அழைப்பில் மணலிக்குக் குடியேறினார். முத்துக்கிருஷ்ண முதலியாருக்குப் பின் அவருடைய மகன் சின்னையா முதலியார் ஆதரவைத் தொடர்ந்தார். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) இளமையில் இங்கு வாழ்ந்தார். கோட்டையில் ஐரோப்பிய வாத்திய இசையைக் கேட்கும் வாய்ப்பும் இங்கிருந்தபோது கிடைத்தது. நொட்டுஸ்வர சாகித்தியங்களுக்கு அதுவே தூண்டுதல். தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார்.

வயலினின் வருகை சபைக்கூச்சத்தோடும் தொடர்புடையது. பாடகருக்கு அருகில் அமர்ந்து குரலைப் பின்தொடரும் வாத்தியம், மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்புகிறது. பாடகர் தடுமாறும் கணத்தில் ராகத்தின் இழையை அறுபடாமல் காக்கிறது. நல்ல பக்கவாத்தியம் அமைந்தால் பாதி பயம் போய்விடும் என்று பாடகர்கள் சொல்வதன் அடிப்படை இதுவே.

திருவொற்றியூரோடு தொடர்புடைய பெரும் வித்துவான் வீணை குப்பையர் (1798-1860). வாய்ப்பாட்டிலும் வீணையிலும் வல்லவர், தியாகராஜரின் நேர் மாணவர், 'கான சக்கரவர்த்தி' என்று பட்டம் பெற்றவர். முத்தியால்பேட்டையில் வாழ்ந்தார். தியாகராஜர் முதிய வயதில் மேற்கொண்ட யாத்திரையில் சென்னைக்கு வந்து பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தங்கினார். குப்பையரின் வேண்டுகோளின்படி திருவொற்றியூர் சென்று வடிவுடையம்மனைத் தரிசித்து ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். பேகடை, ஆரபி, கல்யாணி, சுத்தசாவேரி, சாவேரி ராகங்களில் அமைந்த இவை திருவொற்றியூர் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன. குப்பையர் தம் மகனுக்குக் குருவின் பெயரையே வைத்தார். அவரே திருவொற்றியூர் தியாகய்யர் (1845-1917). 'பல்லவி ஸ்வரகல்பவல்லி' என்ற நூலை அவர் 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இக்கால இசை பெரும்பாலும் சன்னிதியிலும் வீட்டுக் கூடத்திலும் நிகழ்ந்தது. கேட்பவர்கள் சிலரே, பெரும்பாலும் அறிந்தவர்கள். மாணவர் பல ஆண்டுகள் குருவின் பின்னால் தம்பூரா மீட்டியும் சேர்ந்து பாடியும் அமர்ந்திருந்தார். தனியாகப் பாட வேண்டிய நாள் வரும்போது அவர் நூற்றுக்கணக்கான முறை மேடையில் இருந்தவராகிவிடுவார். அச்சத்தைச் சிறுசிறு அளவில் பழக்கிக் கரைக்கும் முறை குருகுலத்தின் அமைப்பிலேயே இருந்தது.

போட்டியும் பிரார்த்தனையும்

இந்த மரபில் அச்சமே இல்லை என்று கொள்ளக்கூடாது. அரசவைப் போட்டிகள் கடுமையானவை. தோற்றவர் பட்டத்தையும் தம்பூராவையும் ஒப்படைக்க நேர்ந்ததாகக் கதைகள் உண்டு. பொப்பிலி கேசவையா என்னும் வித்துவான் பல சமஸ்தானங்களில் வென்று தஞ்சைக்கு வந்து அறைகூவல் விடுத்தபோது, சியாமா சாஸ்திரி (1762-1827) அவரை எதிர்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். போட்டிக்கு முன் அவர் பங்காரு காமாட்சி சன்னிதிக்குச் சென்று, காக்க வேண்டிய தருணம் இதுவே என்ற பொருளில் சிந்தாமணி ராகத்தில் 'தேவி ப்ரோவ ஸமயமிதே' பாடினார், பின் அவையில் வென்றார் என்பது மரபுவழிக் கதை.

மும்மூர்த்திகளில் ஒருவருக்கும் போட்டிக்கு முன் கலக்கம் இருந்தது என்பதை இசையுலகம் மறைக்கவில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிவருகிறது. அவர் அச்சம் நீங்கும்வரை காத்திருக்கவில்லை. அச்சத்தோடு பாடத் தொடங்கினார்.

வர்ணம் என்னும் வாயில்

வீணை குப்பையரின் புகழ் இன்று பெரிதும் அவருடைய வர்ணங்களால் நிற்கிறது. சங்கராபரணத்தில் 'ஸாமி நின்னே', பேகடையில் 'இந்த சலமு' ஆகியவை இன்றும் கற்பிக்கப்படுகின்றன, கச்சேரிகளில் பாடப்படுகின்றன.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) நிலைபெறச் செய்ததாகக் கருதப்படும் இருபதாம் நூற்றாண்டுக் கச்சேரி முறையில் வர்ணம் முதலில் வருகிறது. இதற்கு இசைக் காரணங்கள் உண்டு. குரல் பதப்படும், சுருதி நிலைக்கும், பக்கவாத்தியக்காரர்கள் ஒருவரோடொருவர் இசைவர். உளவியல் காரணமும் உண்டு. மேடை அச்சம் கச்சேரியின் முதல் சில நிமிடங்களில்தான் உச்சத்தில் இருக்கும். அப்போது மனோதர்மத்தை நம்பி ராகம் பாடத் தொடங்குவது கடினம். வர்ணத்தில் எல்லாம் முன்பே அமைந்துவிட்டது. பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், சிட்டை ஸ்வரங்கள் என வரிசை மாறாது. மாணவப் பருவத்தில் இரண்டு மூன்று காலங்களில் ஆயிரம் முறை பாடியது. மனம் தடுமாறினாலும் குரலும் விரலும் வழியைத் தெரிந்து வைத்திருக்கும். அந்தச் சில நிமிடங்களில் மூச்சு சீராகும், கை நடுக்கம் அடங்கும். அச்சத்தைத் தாண்டுவதற்கு மரபு அமைத்துக் கொடுத்த வாயில் என்று வர்ணத்தைச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை மாலை

ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867-1938) தாமே ஒரு அவையை உருவாக்கியவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசிப்பார். விரலில் கம்பி வளையம் போடாமல் வெறும் விரலால் மீட்டுவார், கூடவே மெல்லப் பாடுவார். ஒலி மிகச் சிறியது. அதனால் அறையில் முழு அமைதி வேண்டும். சிறு சத்தமும் அவருக்குப் பொறுக்காது. நகரின் முன்னணி வித்துவான்களும் ரசிகர்களும் அந்தச் சிறிய அறையில் அமர்ந்து கேட்டனர்.

பெரிய கூட்டத்துக்கு ஏற்பத் தம் இசையைப் பெருக்கிக்கொள்ள அவர் முயலவில்லை. தம் இசைக்கு ஏற்ற அளவில் கூட்டத்தை அமைத்துக்கொண்டார். தேவதாசி மரபில் வந்த பெண் கலைஞர்கள் மீது சமூகத்தின் கண்டனம் வளர்ந்துவந்த காலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய எதிர்ப்பு இயக்கம் 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டமாக முடிந்தது. மேடையில் ஏறும் பெண்ணின் பாட்டோடு பிறப்பும் எடைபோடப்பட்ட காலத்தில், யார் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைத் தாமே முடிவுசெய்யும் கூடம் ஒன்றை அவர் வைத்திருந்தார். அவருடைய பேத்திகள் டி. பிருந்தா (1912-1996), டி. முக்தா ஆகியோரும் பெருங்கூட்டக் கவர்ச்சியை நாடாமல், நுட்பமறிந்த கேட்பவர்களுக்காகப் பாடுவதையே மதித்தவர்கள். பிருந்தா 1976இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். இன்னொரு பேத்தி நாட்டியக் கலைஞர் டி. பாலசரஸ்வதி (1918-1984) அதே விருதை 1973இல் பெற்றார். சிறிய அறையில் வளர்ந்த இசை சிறுமையடையவில்லை என்பதற்கு இவர்களே சான்று.

சபா, ஒலிபெருக்கி, வானொலி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னையில் சபாக்கள் தோன்றின. ஆரம்பகால சபாக்கள் பல ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கின. ஆர்மீனியன் தெருவின் கோகலே மண்டபத்தில் இசைக் கச்சேரிகளும் அரசியல் கூட்டங்களும் நடந்தன. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது.

சபா வந்ததும் பாடகருக்கும் கேட்பவருக்கும் இடையிலான உறவு மாறியது. சீட்டு வாங்கியவர் முன்பின் அறியாதவர். அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று சொல்லும் உரிமை உண்டு. மறுநாள் பத்திரிகையில் விமர்சனம் வரும். குறித்த நேரத்தில் தொடங்கி முடிக்க வேண்டும். 1930களில் பரவிய ஒலிபெருக்கி மெல்லிய குரல்களையும் அரங்கின் கடைசி வரிசைவரை கொண்டுசென்றது. பெண் பாடகர்களுக்கு அது பெரிய வாய்ப்பாயிற்று. அதே கருவி சிறு பிசிறையும் மூச்சின் ஒலியையும் பெரிதாக்கியது. இசைத்தட்டு வந்தபின் கலைஞர் தம் குரலை வெளியிலிருந்து கேட்கத் தொடங்கினார். பாடிய கணத்தோடு மறைந்துபோன பிழை இப்போது மீண்டும் மீண்டும் ஒலித்தது.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கப்பட்டது. 1950களில் அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் குரல்தேர்வுக் குழுக்கள் முறைப்படுத்தப்பட்டன. கலைஞர்கள் பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று தரம் பிரிக்கப்பட்டனர். வானொலி ஏராளமான கலைஞர்களுக்கு வருமானமும் மதிப்பும் அளித்தது. ஆனால் முகம் தெரியாத நடுவர்கள் முன், குறித்த நிமிடங்களுக்குள் பாடி, ஓர் எழுத்தாகத் தன் மதிப்பைப் பெறுவது புதிய அனுபவம். சன்னிதியில் பாடியவருக்குத் தெய்வமும் குருவும் கேட்பவர்கள். தேர்வறையில் பாடியவருக்கு முன்னால் ஒலிவாங்கி மட்டுமே இருந்தது. கேட்பவர் மறைந்த இடத்தில் பாடுபவரின் மனமே நடுவராகிறது. தன்னைத்தானே குறைசொல்லும் பழக்கம் அங்கே வலுப்பெறுகிறது.

குறையறிதலும் சுயநிந்தனையும்

தன் குறையை அறிவது கலைஞருக்கு அவசியம். செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908-2003) சிறுவனாக இருந்தபோது அவருடைய குரலைக் கேட்ட மூத்த வித்துவான் ஒருவர், கொட்டாங்கச்சியைத் தேய்ப்பது போல இருக்கிறது, வாத்தியம் கற்கட்டும் என்றாராம். செம்மங்குடி வாய்ப்பாட்டை விடவில்லை. கடும் சாதகத்தால் அந்தக் கரகரத்த குரலையே தம் இசையின் அடையாளமாக்கினார். 1947இல் சங்கீத கலாநிதி ஆனார்.

அவர் கதை இரண்டு வகைப் பேச்சுகளுக்கு இடையிலான எல்லையைக் காட்டுகிறது. 'மத்தியமத்தில் சுருதி இறங்குகிறது' என்பது குறையறிதல். அதற்கு மறுநாள் காலையில் செய்ய வேலை உண்டு. 'எனக்கு இசை வராது' என்பது சுயநிந்தனை. அதற்குச் செய்ய எதுவும் இல்லை. முதலாவது ஓர் இடத்தைச் சுட்டுகிறது, இரண்டாவது முழு ஆளையும் நிராகரிக்கிறது.

கானா: வாசலே மேடை

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு ஆகிய பகுதிகளில் துறைமுகத்திலும் ஆலைகளிலும் கடலிலும் உழைத்த மக்களிடையே வளர்ந்தது கானா. அதன் முக்கியமான களம் சாவு வீடு. இறந்தவரின் பெருமையையும் வாழ்வின் நிலையாமையையும் இரவு முழுதும் பாடுவர். டேப், டோலக்கு இருந்தால் சேர்த்துக்கொள்வர். இல்லாவிட்டால் தீப்பெட்டியிலும் மேசையிலும் தாளம் தட்டுவர். கேட்பவர்கள் அதே தெருவினர். பாட்டில் சொல் தட்டினால் கூட்டமே எடுத்துக்கொடுக்கும். துக்கத்தில் இருப்பவருக்குத் துணையாக இருப்பதே பாடுபவரின் வேலை என்பதால், நன்றாகப் பாடினோமா என்ற கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

தெருவை விட்டு வெளியே வந்தபோது கானாப் பாடகர்கள் எதிர்கொண்ட கூச்சம் வேறு வகை. அவர்களுடைய பேச்சு திரையில் நகைச்சுவைக்குப் பயன்பட்டது. அவர்களுடைய பாட்டு 'இசைதானா' என்று கேட்கப்பட்டது. இந்தக் கூச்சம் பயிற்சிக்குறைவால் வந்ததன்று, வெளியிலிருந்து சுமத்தப்பட்டது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்முயற்சியிலும் டென்மாவின் இசையமைப்பிலும் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல் நிகழ்ச்சியை நடத்தியது. கானாப் பாடகர்கள் கூட்டமாக மேடையேறினர். அக்குழுவில் பாடிய ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி, ஆண்களே நிறைந்திருந்த கானாவில் தனியிடம் பெற்று, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். தனியாக நிற்பதைவிடக் குழுவாக நிற்பது அச்சத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழி என்பதற்கு இது அண்மைய எடுத்துக்காட்டு.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொளியில் கர்நாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பலின் நடுவே நின்று பாடினார். கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத்தமிழில் எழுதிய வரிகள் ராகமாலிகையாக அமைந்தன. ஆனந்தபைரவியும் பேகடையும் அவற்றுள் உண்டு. அருகிலுள்ள திருவொற்றியூரில் தியாகராஜர் அம்மனைப் பாடிய அதே பேகடை, சாம்பல் மூடிய நீர்நிலைக்காகப் பாடப்பட்டது. பிசிறில்லாத அரங்க ஒலி, ராகத்தின் தூய்மை, உச்சரிப்பின் மேன்மை ஆகியவை குறித்த வழக்கமான கவலைகளுக்கு அங்கே முதலிடம் இல்லை. சொல்ல வேண்டிய செய்தி முன்னால் நின்றது.

உலகப் பின்னணி

சபைக்கூச்சம் எந்த ஒரு மரபுக்கும் தனியுரிமை அன்று. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் வாழ்நாள் முழுதும் இதனால் அவதிப்பட்டார். 1901இல் அமெரிக்காவில் மலையேறும்போது பாறை உருண்டு இடக்கை நசுங்கியது. இனிச் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்பதே அப்போது தம் மனதில் எழுந்த முதல் எண்ணம் என்று அவரே பின்னர் நினைவுகூர்ந்தார். கை குணமாகி அவர் பல பத்தாண்டுகள் வாசித்தார். பியானோ கலைஞர் விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 1953 முதல் 1965 வரை மேடையை விட்டு விலகியிருந்தார். கிளென் கூல்ட் 1964இல் கச்சேரி மேடையை நிரந்தரமாகத் துறந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் சென்றார்.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்க இசைக்குழுக் கலைஞர் 2,212 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மேடை அச்சத்தைத் தம் சிக்கலாகக் குறிப்பிட்டனர். 27 விழுக்காட்டினர் இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரைகளைப் பயன்படுத்தியிருந்தனர். இதய நோய்க்காகக் கண்டறியப்பட்ட இம்மருந்துகள் கைநடுக்கத்தைக் குறைக்கும், ஆனால் தன்னைக் குறைசொல்லும் எண்ணத்தை மாற்றா. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானவை. மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளக்கூடாது. 2014இல் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. பாடுவதற்கு முன் 'பதற்றமாக இருக்கிறது' என்று சொன்னவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறது' என்று சொன்னவர்கள் சிறப்பாகப் பாடினர். பதற்றத்திலும் உற்சாகத்திலும் உடலில் நிகழ்பவை ஏறத்தாழ ஒன்றே. அதற்கு நாம் வைக்கும் பெயர்தான் வேறு.

இவ்வரலாறு தரும் வழிகள்

மேலே கண்ட கூடங்கள் ஒவ்வொன்றும் இன்றைய மாணவருக்கு ஒரு வழியைத் தருகின்றன. குருகுலம் சொல்வது படிப்படியான பழக்கம். முதலில் வீட்டார் முன், பிறகு நான்கு நண்பர்கள் முன், பிறகு உள்ளூர்க் கோயிலில், அதன்பின் அரங்கில். இவற்றில் ஒரு படியையும் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை. வர்ணம் சொல்வது தொடக்கத்தை உறுதிப்படுத்துதல். எந்த இசை வகையானாலும் முதல் உருப்படி தூக்கத்திலும் மறக்காததாக இருக்கட்டும், கடினமானது நடுவில் வரட்டும். தனம்மாளின் வெள்ளிக்கிழமை சொல்வது அவையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை. எல்லாருக்கும் பெரிய மேடையே இலக்காக இருக்க வேண்டியதில்லை. கானா சொல்வது கேட்பவரை நோக்கித் திரும்புதல். 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற கேள்வியின் இடத்தில் 'இவர்களுக்கு என்ன தரப்போகிறேன்' என்ற கேள்வியை வைத்தால் நடுக்கம் தணியும்.

சுயநிந்தனைக்குச் சுந்தரரும் தியாகராஜரும் காட்டும் வழி, அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் ஒருவரிடம் சொல்வது. அவர்களுக்கு இறைவன் இருந்தான். இன்றைய மாணவருக்கு அது ஆசிரியராகவோ சக கலைஞராகவோ, தேவைப்பட்டால் உளநல ஆலோசகராகவோ இருக்கலாம். சொல்லும்போது 'வராது' என்ற தீர்ப்பு 'இந்த இடத்தில் வரவில்லை' என்ற குறிப்பாகச் சுருங்குகிறது. குறிப்புக்குச் சாதகம் உண்டு.

ஆசிரியர்களுக்கும் சபாக்களுக்கும் இதில் பங்கு உண்டு. மாதவியின் அரங்கில் தூண் நிழல்கூட விழாமல் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தனர். முதல்முறை மேடையேறும் மாணவரை நேரே போட்டி நடுவர் முன் நிறுத்தும் இன்றைய வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ராயபுரத்திலோ எண்ணூரிலோ உள்ள ஒரு சிறுமி முதல் பாட்டில் தடுமாறினால், அவளுக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டும் முன் அவளுக்கு எத்தகைய அவை அமைத்துக் கொடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.